வீடு யார் பெயரில் இருந்தால் என்ன?

குடும்ப வன்முறையைப் பற்றி எங்களுக்கு எழுதும் வாசகியரில் பெரும்பாலோர் சட்டப் பிரிவு எதையும் கேட்பதில்லை. "இந்த வீட்டை விட்டால் நானும் பிள்ளைகளும் எங்கே போவோம்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பதில்களை முழுவதும் குடியிருப்பு பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பாதுகாப்புக் கருதிப் பெயர்களை நீக்கி, சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: மாமனார் கட்டிய வீட்டின் மாடியில் 11 ஆண்டுகளாகக் குடியிருந்தோம். கணவர் குடித்துவிட்டு அடிப்பது புதிதல்ல. போன மாதம் என் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். இப்போது இரண்டு பிள்ளைகளோடு கரூரில் அக்கா வீட்டில் இருக்கிறேன். "வீடு என் பெயரில் இருக்கிறது; நீயாகத்தான் வெளியே போனாய்; உனக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று மாமனார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இனி அந்த வீட்டுக்குள் நான் போகவே முடியாதா?
— வாசகி, ஈரோடு

போக முடியும். நோட்டீஸில் உள்ள மூன்று வாக்கியங்களில் முதலாவது உண்மையாகவே இருக்கலாம். மற்ற இரண்டும் அதிலிருந்து தாமாகப் பிறந்துவிடுவதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்ப உறவில் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்றும், அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தடையாகாது என்றும் அதன் 17ஆவது பிரிவு சொல்கிறது. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை அந்த வீட்டிலிருந்தோ அதன் ஒரு பகுதியிலிருந்தோ வெளியேற்றக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மூட்டையை வாசலில் வைத்துக் கதவைப் பூட்டுவது எந்தச் சட்டத்தின் நடைமுறையும் அல்ல.

மாமனாரின் வக்கீல் இப்படி எழுதியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, கணவருக்குச் சொந்தமான வீடு, அவர் வாடகைக்கு எடுத்த வீடு, அவருக்குப் பங்குள்ள கூட்டுக் குடும்ப வீடு ஆகியவற்றில் மட்டுமே மனைவி இந்த உரிமையைக் கோரலாம் என்று சொல்லியிருந்தது. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடுகளிலிருந்து மருமகள்களை வெளியேற்ற அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 14 ஆண்டுகள் பயன்பட்டது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, அது சட்டத்தைச் சரியாகப் படித்த தீர்ப்பல்ல என்று அதை மாற்றிவிட்டது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அங்கே அந்தப் பெண் நிலையாக வாழ்ந்திருந்தால் அது சேர்ந்து வாழ்ந்த வீடுதான். விடுமுறைக்கு வந்து நான்கு நாள் தங்கிய வீட்டை அப்படிச் சொல்ல முடியாது. 11 ஆண்டுகள் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீட்டைத் தாராளமாகச் சொல்லலாம்.

"நீயாகத்தான் போனாய்" என்ற வாதத்துக்கும் விடை இருக்கிறது. மனுக் கொடுக்கும் நாளில் அந்தப் பெண் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று 2022 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே அடிக்குப் பயந்து வெளியே வந்ததால் உரிமை போய்விட்டது என்று உங்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதே அச்சத்தால் எத்தனையோ பெண்கள் உயிருக்கு ஆபத்தான வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வழக்குக்காக நீங்கள் ஈரோடு போகத் தேவையில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனுக் கொடுக்கலாம் என்று 27ஆவது பிரிவு அனுமதிப்பதால், கரூரிலேயே நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நடந்ததைச் சொன்னால், அதற்கென்று உள்ள படிவத்தில் அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நேரடியாக வழக்கறிஞர் மூலமும் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 19ஆவது பிரிவின்படி நடுவர் பலவகையான குடியிருப்பு உத்தரவுகளைப் பிறப்பிக்கலாம். உங்களை வெளியேற்றக் கூடாது எனத் தடுக்கலாம். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது எனத் தடுக்கலாம். கணவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். நீங்கள் வாழ்ந்த அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ அதற்கு வாடகை கட்டவோ உத்தரவிடலாம். இவற்றை "இது, இல்லையேல் அது" என்ற முறையில் சேர்த்தே கேளுங்கள். அடித்தவரோடு அதே மாடியில் மறுபடியும் குடியிருக்க ஓர் உத்தரவை வாங்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் நல்லதல்ல. உங்களுக்கு எது பாதுகாப்பு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உறவினர்களும் நானும் அல்ல.

கணவரை வெளியேற்றும் உத்தரவு ஏட்டில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் அமைதி நிலவக் கணவர் வெளியேறுவதுதான் ஒரே வழி என்றால், அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா தீர்ப்பளித்திருக்கிறார். ஆனால் மாமியாரையோ நாத்தனாரையோ வெளியேற்றும்படி கேட்க முடியாது. பெண் எவரையும் அப்படி வெளியேற்ற இந்தச் சட்டம் இடம் தரவில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, இது குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை அல்ல. முதிய மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வாடகை கேட்கும் வழியையும் மனுவில் திறந்து வைக்கச் சொல்கிறேன். மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து உங்களை வெளியேற்ற அவர்கள் முயன்றால், அந்தச் சுருக்கமான விசாரணையைக் கொண்டு மருமகளின் குடியிருப்பு உரிமையை இல்லாமலாக்க முடியாது என்ற 2020 டிசம்பர் 15ஆம் தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவார். இரண்டாவது, குடியிருப்பு உத்தரவோடு 18ஆவது பிரிவின் கீழ் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. போலீசார் உடனே அசைவதற்கு இது பெரிதும் உதவும்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாட்களுக்குள்ளும், முழு வழக்கு 60 நாட்களுக்குள்ளும் நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் வழக்கு இழுக்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆகவே 23ஆவது பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவை முதல் நாளே தாக்கல் செய்ய வலியுறுத்துங்கள். மாமனாரின் நோட்டீஸுக்கும் பதில் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி, "இனி எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டினால், வீட்டைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

கேள்வி: எனக்கு வழக்கெல்லாம் அப்புறம். இரவில் அவர் வரும்போதெல்லாம் உயிர் போய்விடுமோ என்று நடுங்குகிறேன். அப்பா, அம்மா இல்லை. "ஹோமில்" விட்டுவிடுவார்கள், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. கிளம்பினால் எங்கே போவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரமென்றால் 112. அதற்கு முன்னதாக யோசிக்க ஒரு மணி நேரம் கிடைத்தாலும் 181. இது பெண்களுக்கான கட்டணமில்லாத உதவி எண். 24 மணி நேரமும் இயங்குவது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சொன்னால், உங்கள் மாவட்டத்தில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவார்கள். 2015இலிருந்து நாடு முழுவதும் தொடங்கப்பட்ட இந்த மையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கின்றன. மருத்துவம், போலீஸ் உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் நோக்கம். அங்கே தங்குவது சில நாட்களுக்குத்தான். அதற்குள் அடுத்த ஏற்பாட்டை, அதாவது முன்பு 'சுவாதார் கிரே' என்று இருந்து இப்போது 'சக்தி சதன்' எனப்படும் நீண்ட காலத் தங்கும் இல்லத்தையோ, உறவினர் வீட்டையோ, விடுதியையோ அவர்களே உங்களோடு சேர்ந்து பார்ப்பார்கள்.

"ஹோம்" என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கும் அடைத்து வைக்கும் இடம் என்ற எண்ணம் வருகிறது. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. உங்கள் விருப்பத்தின் பேரில் போகிறீர்கள், உங்கள் விருப்பத்தின் பேரில் திரும்பலாம். பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால், தங்குமிடப் பொறுப்பாளர் இடம் தந்தே ஆக வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. முறையான அறிக்கை பதிவாகவில்லை என்று காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது. நீங்கள் விரும்பினால், அங்கே இருப்பதைக் கணவரிடம் தெரிவிக்கவும் கூடாது. அந்தச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டின் விதிகளில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. போனவுடன் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியக் கூடாது."

பிள்ளைகளைத் தாயோடு தங்க வைப்பதுதான் இந்த இல்லங்களின் வழக்கம். ஆனால் பெண்களுக்கான இல்லங்களில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. உங்கள் மகனுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. வளர்ந்த பையன் என்றால் 181இல் பேசும்போதே வயதைச் சொல்லி, எங்கே சேர்ந்து தங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் போய் நின்ற பிறகு தெரிவது பெரிய வேதனை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு பையை ஆயத்தமாக வைப்பது நல்லது. அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. நம்பத்தகுந்த பக்கத்து வீட்டு அக்காவிடமோ, வேலை செய்யும் இடத்திலோ கொடுத்து வையுங்கள். உங்கள் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு, படிப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையென்றால் திருமணப் பத்திரிகையும் ஒரு புகைப்படமும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாள் மாற்றுத் துணி, கொஞ்சம் ரொக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். ரேஷன் அட்டையை எடுத்தால் உடனே தெரிந்துவிடும் என்றால், படமெடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடுங்கள். சுவரில் தொங்கும் மின்கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். "இந்த வீட்டில்தான் வாழ்ந்தேன்" என்று பின்னால் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு இவை போலப் பயன்படும் சான்று குறைவு. நகைகளைப் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். நகை, சீர்வரிசைப் பொருட்கள் எல்லாவற்றையும் திருப்பித் தரும்படி நடுவர் உத்தரவிட முடியும். திரும்பிப் போய் எடுக்கலாம் என்று தனியாக மட்டும் போகாதீர்கள்.

கைப்பேசி பற்றியும் சொல்ல வேண்டும். முகவரி தெரியாமல் வைத்தும் கணவர் வாசலில் வந்து நின்ற கதைகளில் பெரும்பாலும் கைப்பேசிதான் வழி காட்டியிருக்கிறது. உங்கள் ஜிமெயில் கணக்கு அவர் கைப்பேசியிலும் திறந்திருக்கிறதா, கூகுள் மேப்ஸில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, வாட்ஸ்அப் வேறு கருவியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கடவுச்சொல்லைக் கிளம்புவதற்குப் பல நாட்கள் முன்பே மாற்றினால் அவருக்குச் சந்தேகம் எழும். கிளம்பிய பிறகு மாற்றுங்கள். 181ஐ அழைத்த பதிவு உங்கள் கைப்பேசியில் இருக்கும், அதை அழித்துவிடுங்கள்; முடிந்தால் வேறொருவர் கைப்பேசியிலிருந்து பேசுங்கள்.

உடம்பில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல், யார், எதால் அடித்தார் என்று உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒரு தாள், பல சாட்சிகள் பேச வேண்டியதைத் தானே பேசும்.

கேள்வி: வாடகை வீடு. ஒப்பந்தம் கணவர் பெயரில். அவர் எங்களை விட்டுப் போய்விட்டார், வாடகையும் கட்டுவதில்லை. "உங்களிடம் நான் ஒப்பந்தம் போடவில்லை" என்று வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார்.
— வாசகி, மதுரை

வாடகை வீடும் சேர்ந்து வாழ்ந்த வீடுதான். கைவிடப்பட்ட மனைவி, கணவர் பெயரில் உள்ள வாடகை வீட்டிலிருந்து காலி செய்யும் வழக்கில் தன் தரப்பை எடுத்துச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இலேயே சொல்லியிருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வாடகையை நீங்கள் கட்ட வேண்டும். கணவருக்கு இருந்த உரிமைக்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது; மணமுறிவு ஆகிவிட்டால் இந்த வழியும் மூடிவிடும்.

ஆகவே இந்த மாதமே முடிந்த அளவு வாடகையை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து உரிமையாளரின் கணக்குக்கு அனுப்புங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். வாடகை தவறாமல் வரும் என்று தெரிந்தால் பல உரிமையாளர்கள் சம்மதிக்கிறார்கள். அதே சமயம் கணவர் வாடகை கட்ட உத்தரவிடும்படி நடுவரிடம் மனுக் கொடுங்கள். பிள்ளைகளின் செலவுக்கும் உங்கள் செலவுக்கும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் தனியாகப் பணம் கேட்கலாம்.

கேள்வி: எனக்குச் சொந்தமான சிறிய வீடு ஒன்று காலியாக இருக்கிறது. கணவரை விட்டு வந்த ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு வாடகைக்குக் கேட்கிறார். பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணவர் வந்து கலாட்டா செய்தால் எனக்கு வழக்கு வருமா? அக்கம்பக்கத்தினரும் "எதற்கு வம்பு" என்கிறார்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, இப்படிக் கேட்டு எழுதியதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வீடு கொடுக்கலாம். சட்டப்படி உங்களுக்கு எந்தக் குற்றமும் வராது. வயது வந்த ஒரு பெண் தன் பெயரில் வாடகைக்கு எடுப்பதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை; அவரிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன் என்று நல்லெண்ணத்தில்கூட அவரை அழைத்துவிடாதீர்கள். அந்த ஓர் அழைப்பில் அவள் முகவரி வெளியே போய்விடும்.

அந்தப் பெண் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கணவர் அவரை எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் வரக் கூடாது, அவருக்கு உதவி செய்பவர்களுக்குத் தொல்லை தரக் கூடாது என்றெல்லாம் அந்த உத்தரவில் இருக்க முடியும். உதவி செய்பவர்கள் என்பதில் நீங்களும் அடங்குவீர்கள். உத்தரவின் நகல் ஒன்று உங்களிடம் இருந்தால், கலாட்டா நடக்கும் நாளில் 112ஐ அழைத்து வரும் போலீசாரிடம் காட்டலாம். உத்தரவு இல்லையென்றாலும் உங்கள் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது தனியே குற்றம்தான்.

"எதற்கு வம்பு" என்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அதே ஆய்வில், நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100க்கு 14 பேர்தான். உங்கள் வாசலில் வந்து நிற்பவர் அந்தச் சிலரில் ஒருவர். அவருக்கு வீடு மறுக்கப்பட்டால், அவர் திரும்பிப் போகக்கூடிய இடம் பெரும்பாலும் அந்தப் பழைய வீடுதான்.

வாடகையையும் முன்பணத்தையும் மற்றவர்களிடம் வாங்குவது போலவே வாங்குங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஆண்கள் யாரும் வரக் கூடாது, இரவு எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளை அவருக்கு மட்டும் விதிக்காதீர்கள். முடிந்தால் வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டும், வாசலில் ஒரு விளக்கும் போட்டுக் கொடுங்கள். இனி எப்போதாவது, எந்த வீட்டிலாவது வன்முறை நடப்பதாகத் தெரிந்தால், பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் சொல்லலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு உறுதி தருகிறது.

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் காலமாகிவிட்டார். வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த மறு வருடத்திலிருந்தே சோறு போடுவதில்லை, கை நீட்டுகிறான். "இது இப்போது என் வீடு, வெளியே போ" என்கிறான். பெற்ற பிள்ளை மீது புகார் கொடுப்பதா என்று மனசு கேட்கவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

அம்மா, குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதல்ல. தாய்க்கும் மகளுக்கும் சகோதரிக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. மகன் உங்களை வெளியேற்றக் கூடாது என்றும், அடிக்கக் கூடாது என்றும், தேவைப்பட்டால் அவனே வெளியேற வேண்டும் என்றும் நடுவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வீடு இப்போது அவன் பெயரில் இருப்பது அதற்குத் தடையல்ல.

உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவன் அப்படிச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க 23ஆவது பிரிவு வழி செய்கிறது. இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றும், வீட்டை மீட்டுத் தர உத்தரவிடவும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பத்திரத்தில் பராமரிப்பு பற்றி ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நகல் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் இந்த வழி கடினம்தான். குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.

மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகனைச் சிறைக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் அடி வாங்காமல் இருக்கத்தான் கேட்கிறீர்கள். இந்த மனுக்களின் நோக்கமும் அதுதான். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால், முதியோருக்கான 14567 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: வெளியே வந்துவிட்டேன். திருச்சியில் ஒரு கடையில் வேலையும் கிடைத்திருக்கிறது. மகள் நான்காம் வகுப்பு. பழைய பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கினால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தங்கவும் நிலையான இடம் இல்லை.
— வாசகி, திருச்சி

டி.சி. இல்லாமலேயே சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. அருகில் உள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள். யார் வந்து கேட்டாலும் மகளை உங்களைத் தவிர வேறு எவரோடும் அனுப்பக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். மகளைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி நடுவரிடம் உத்தரவு வாங்கி, அதன் நகலையும் பள்ளியில் கொடுத்துவிட்டால் தலைமையாசிரியருக்கும் தயக்கம் இருக்காது.

தங்குவதற்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தமிழ்நாடு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளில் ஒன்று திருச்சியிலேயே இருக்கிறது. மகளோடு தங்க இடம் உண்டா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று நேரில் போய்க் கேளுங்கள். அங்கே இடம் கிடைக்கும் வரை, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துத் தங்கும் இல்லத்தில் இடம் கேளுங்கள். அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். வட்ட அளவு வரை பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்தும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அதனால் "அவர் லீவு, அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், பொறுப்பில் வேறு யார் இருக்கிறார் என்று கேட்டு, அவர் பெயரையும் நீங்கள் வந்த தேதியையும் குறித்துக்கொண்டு, மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் உங்கள் முகவரிக்குப் பதிலாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞரின் முகவரியைத் தர முடியுமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.